சேலத்துப் பொறியியல் துறைத் தலைவர்களுக்கு: ஆண்டுக்கு ஒரு ப்ராஜெக்ட் டீம் தாருங்கள்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். சேலத்தைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் துறைகளை நடத்துகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடல். நான் இதே ஊரில் அலுவலகங்களுக்கு ஐபி டெலிபோன் அமைத்துக் கொடுத்துப் பிழைக்கிறவன். மிச்ச நேரத்தில், தொலைபேசி சிக்னலிங் மென்பொருளை, யாரும் எடுத்துப் படித்துத் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸாக எழுதும் தன்னார்வலர்களோடு சேர்ந்து வேலை செய்கிறேன். சேலத்தில் இந்த வேலை செய்கிறவர்களை எல்லாம் ஒரே ஆட்டோவில் ஏற்றிவிடலாம். அந்த நிலைமை மாற வேண்டும் என்றுதான் உங்களிடம் வருகிறேன்.

கேட்பது சின்ன விஷயம். ஆண்டுக்கு ஒரு கடைசி வருட டீமை, ஒரே ஒரு டீமை, ஏற்கெனவே உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிக்னலிங் மென்பொருளில் வேலை செய்ய விடுங்கள். புதுத் தலைப்பு வேண்டாம், புது மாடல் வேண்டாம். இருக்கிற நிரலில் ஒரு பிழையைத் திருத்தட்டும், ஒரு சோதனை எழுதட்டும். அதையே ப்ராஜெக்ட்டாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

சிக்னலிங் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இது திறந்த மடல். மாணவர்களும் படிப்பார்கள், பிள்ளை என்னதான் படிக்கிறது என்று புரியாத பெற்றோரும் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம். சேலத்திலிருந்து ஏற்காட்டில் ஒரு லேண்ட்லைனை அழைக்கிறீர்கள். உங்கள் குரல் போவதற்கு முன்னால் எக்ஸ்சேஞ்சுகள் தமக்குள் பேசி முடிக்க வேண்டும். இந்த எண்ணுக்கு இந்தச் சர்க்யூட்டில் அழைப்பு வருகிறது என்று முதலில் போவது ஐஏஎம். எண் முழுதாகக் கிடைத்தது என்று திரும்பி வருவது ஏசிஎம். அங்கே ரிசீவரை எடுத்துவிட்டார்கள் என்றால் ஏஎன்எம், காசு ஓடத் தொடங்குவது இங்கேதான். வைத்துவிட்டார்கள் என்றால் ஆர்இஎல், சர்க்யூட்டை விட்டாயிற்று என்றால் ஆர்எல்சி. சாதாரண அழைப்பு ஒன்று இந்த ஐந்து செய்திகளில் பிறந்து முடிந்துவிடும். 1980-ல் முதலில் வகுக்கப்பட்ட எஸ்எஸ்7 என்ற சிக்னலிங் முறைக் குடும்பத்தில் இந்தச் செய்திகள் பேச்சுப் பாதையில் போவதில்லை, தனிப் பாதையில் போகின்றன. அதற்கு முன்பு சிக்னலும் பேச்சும் ஒரே பாதையில் போனதால்தான் அமெரிக்காவில் 2600 ஹெர்ட்ஸ் விசிலை ஊதியே ஓசியில் டிரங்க் கால் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஐஏஎம்-ஐ, செய்திகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருளில் திறந்து பார்க்கிற மாணவர் முதலில் குழம்பிப் போவார். ஏற்காட்டின் எஸ்டிடி எண் 04281. முன்னால் உள்ள சுழியத்தை விட்டால் 4281. ஆனால் செய்திக்குள் அது 24 18 என்று இருக்கும். ஒரு பைட்டில் இரண்டு இலக்கங்கள், அதிலும் முதல் இலக்கம் கீழ்ப் பாதியில். எண்ணில் ஒற்றைப்படை இலக்கங்கள் வந்தால் கடைசியில் ஓர் இட்டு நிரப்பு வரும், அதைச் சொல்ல வேறோர் இடத்தில் ஒரு பிட் இருக்கும். அந்த ஒரு பிட்டை மறந்த நிரல், இரட்டைப்படை எண்களில் எல்லாம் ஒழுங்காக ஓடி, ஒற்றைப்படை வந்தவுடன் இல்லாத ஒரு சுழியத்தைப் பின்னால் சேர்த்து டயல் செய்யும். இதைப் புத்தகத்தில் படித்தால் தூக்கம் வரும். தானே எழுதிய நிரல் தப்பான எண்ணை அழைத்தால் வராது.

இதைவிட எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. இரண்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நடுவே இருக்கும் சர்க்யூட்டை இரண்டு பக்கமும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே நொடியில் இரண்டு பேரும் ஒரே சர்க்யூட்டை எடுத்து, இரண்டு ஐஏஎம் எதிரெதிராகக் கிளம்பினால்? ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் ஏறும் பஸ்ஸும் இறங்கும் லாரியும் மூக்கோடு மூக்கு முட்டி நிற்பது போலத்தான். மலைச் சாலையில் அதற்கு விதி உண்டு: ஏறுகிறவருக்கு முன்னுரிமை, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். சிக்னலிங்கிலும் உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ-வின் கியூ.764 ஆவணம் சொல்வது: எந்த எக்ஸ்சேஞ்சின் பாயிண்ட் கோடு, அதாவது முகவரி எண், பெரிதோ அதற்கு இரட்டைப்படை எண் கொண்ட சர்க்யூட்டுகளில் அதிகாரம், மற்றதற்கு ஒற்றைப்படையில். அதிகாரம் உள்ளவர் எதிரில் வந்த ஐஏஎம்-ஐக் கண்டுகொள்ளாமல் தன் வேலையைப் பார்ப்பார். இல்லாதவர் பின்வாங்கி வேறு சர்க்யூட்டில் முயல்வார்.

படித்தால் மூன்று வரி. நிரலில் எழுதினால் முப்பது வரி வராது. பிழை எங்கே ஒளிந்துகொள்ளும் பாருங்கள். பாயிண்ட் கோடு என்பது ஐடியூ முறையில் 14 பிட், செய்திக்குள் அது கீழ்ப் பைட் முதலில் வரும்படி அடுக்கப்பட்டிருக்கும். செய்திகளை வழி அனுப்பும் பகுதி அதைச் சரியாகத் திருப்பிப் படிக்கிறது என்று வையுங்கள். ஆனால் எது பெரியது என்று ஒப்பிடும் அந்த ஒரு வரி மட்டும் திருப்பாத மதிப்பை எடுத்துக்கொள்கிறது. என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆயிரம் அழைப்புகள் சுகமாகப் போகும். நெரிசலான நேரத்தில் எப்போதோ ஒருமுறை இரண்டு முனையும் தனக்கே அதிகாரம் என்று நினைத்து, மற்றவருடைய ஐஏஎம்-ஐக் கண்டுகொள்ளாது. இரண்டு பக்கமும் ஏசிஎம் வருமா என்று காத்திருக்கும். டி7 என்ற டைமர், 20 முதல் 30 விநாடி, தீரும்வரை அழைத்தவர் காதில் அமைதி. அப்புறம் அழைப்பு செத்துவிடும். அவர் திட்டிக்கொண்டே மறுபடி டயல் செய்வார், இந்த முறை போய்விடும், யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள். பிழை ஆண்டுக்கணக்கில் அங்கேயே குடியிருக்கும்.

இதை ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில், இரண்டு முனைகளையும் உள்ளேயே ஓடவிட்டு, ஐஏஎம்-களை வேண்டுமென்றே மோதவிட்டு, பிழையை மேலே இழுத்துக்கொண்டு வரும் ஒரு சோதனையை எழுதுவது நல்ல ப்ராஜெக்ட்டா இல்லையா? டைமர், ஸ்டேட் மெஷின், பைட் வரிசை, இரண்டு முனைக்கும் ஒரே விடை வர வேண்டிய கட்டாயம், எல்லாம் இதில் இருக்கிறது. செலவு என்று பார்த்தால் லேபில் ஏற்கெனவே இருக்கிற கம்ப்யூட்டர். எஸ்எஸ்7-ஐ ஐபி மேல் ஏற்றும் சிக்ட்ரான் முறைக்குத் தேவையான எஸ்சிடிபி என்ற நெறிமுறை லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. ஐடியூ ஆவணங்களையும், மொபைலுக்கும் இணையத்துக்கும் தரநிலை வகுக்கும் 3ஜிபிபி, ஐஇடிஎஃப் ஆவணங்களையும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம்.

இப்போது நடப்பதும் உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தலைப்பு முடிவாவதற்கு முன்பே பாதி டீம்கள் ப்ராஜெக்ட் சென்டர் வாசலில் நிற்கின்றன. ஒரு தொகை, ஒரு கிட், ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு ரிப்போர்ட், வைவாவில் என்ன கேட்பார்கள் என்ற கேள்வி பதில் தாள் உட்பட. மாணவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களிடம் நாம் கேட்டதே ஒரு தலைப்பும் ஒரு டெமோவும்தான், அதைக் கடையில் வாங்கிக் கொடுத்தார்கள். கேட்பதை மாற்றினால் கொடுப்பதும் மாறும். ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட, வேறு யாரோ எழுதிய நிரலில் ஒரு திருத்தம் செய்து, அதை எழுதியவர்களை ஒப்புக்கொள்ள வைப்பது எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை.

ஒப்புக்கொள்ள வைப்பது என்றேனே, அங்கேதான் படிப்பே இருக்கிறது. எங்கள் பழக்கம் இப்படி: செய்த திருத்தத்தை, அதாவது பேட்ச்சை, எல்லோரும் பார்க்கும்படி மறுபரிசீலனைக்கு வைக்க வேண்டும். கூடவே ஏன் இந்தத் திருத்தம் என்று நாலு வரி. முன்பின் பார்த்திராத யாரோ ஒருவர், பெரும்பாலும் வேறு தேசத்தில், வேலை முடிந்து வந்து படிப்பார். இந்த இடத்தில் நினைவகத்தை விடுவிக்கவில்லையே என்பார். இது தரநிலையில் எந்தப் பிரிவு என்பார். இரண்டு மாற்றத்தை ஏன் ஒன்றாகப் போட்டாய், பிரித்துக் கொண்டு வா என்பார். முதல் முறை கேட்டால் முகம் சுண்டிப்போகும். மூன்றாவது முறை அனுப்பும்போது அந்தக் கேள்விகளை மாணவரே தன்னிடம் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவார். ஆஸ்மோகாம் என்ற ஓப்பன் சோர்ஸ் மொபைல் திட்டத்தில் இதற்கு மேல் டிடிசிஎன்-3 மொழியில் எழுதிய தானியங்கிச் சோதனைகளும் இருக்கின்றன. பெரிய கருவி உற்பத்தியாளர்கள் பயன்படுத்தும் அதே மொழி.

ஆஸ்மோகாம் பற்றி இரண்டு வார்த்தை. 2008-ல் ஹரால்ட் வெல்ட்டே, டீட்டர் ஸ்பார் என்ற இரண்டு ஜெர்மானியர்கள், செகண்ட் ஹேண்டில் கிடைத்த சீமென்ஸ் பிஎஸ்-11 என்ற ஜிஎஸ்எம் நிலையத்தை, எக்ஸ்சேஞ்சுகளை இணைக்கும் ஈ1 இணைப்புக்கான கார்டு வழியாக ஒரு கம்ப்யூட்டரோடு பிணைத்து, அதை இயக்கும் மென்பொருளைத் தாங்களே எழுதினார்கள். அதுவரை அந்த இடைமுகம் கருவி விற்பவர்களின் வீட்டு ரகசியம். இன்று அதே திட்டத்தில் சிக்னலிங் செய்திகளை வழி அனுப்பும் ஆஸ்மோஎஸ்டிபி, சந்தாதாரர் பதிவேடான ஆஸ்மோஹெச்எல்ஆர், அழைப்புகளை இணைக்கும் ஆஸ்மோஎம்எஸ்சி என்று ஒரு வலைப்பின்னலுக்குத் தேவையான பகுதிகள் எல்லாம் உண்டு. எல்லோரும் தன்னார்வலர்கள் என்று சொன்னால் அது பொய். பெர்லினில் சிஸ்மோகாம் என்ற நிறுவனம் இருக்கிறது, முக்கியமான பலர் அங்கே சம்பளத்துக்கு இதையே செய்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. சம்பளக்காரரின் பேட்ச்சும் என் பேட்ச்சும் ஒரே கேள்விகளைத் தாண்டித்தான் உள்ளே போகின்றன.

கல்லூரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: 5ஜி வலைப்பின்னலின் மையப் பகுதியை, அதாவது கோரை, நடத்தும் மென்பொருளான ஃப்ரீ5ஜிசி பிறந்தது தைவானில் ஒரு பல்கலைக்கழகத்தில். உலகம் முழுதும் தொலைபேசி நிறுவனங்கள் நம்பியிருக்கும் கமாய்லியோ என்ற எஸ்ஐபி சர்வரின், அதாவது இணையத்தின் மேல் அழைப்புகளை அமைக்கும் மென்பொருளின், ஆதி வடிவம் 2001-ல் பெர்லினில் ஃப்ரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிலையத்தில் எழுதப்பட்டது. நம் நாட்டிலும் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 1984-ல் அரசின் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நிறுவனமான சி-டாட் தொடங்கியபோது அங்கே உட்கார்ந்து எழுதியவர்களில் பெரும்பாலோர் இளம் பொறியாளர்கள். 128 போர்ட் கொண்ட கிராமத்து எக்ஸ்சேஞ்ச் 1986-ல் கர்நாடகத்துக் கித்தூரில் ஓடத் தொடங்கியது. ஏசி அறை இல்லாத ஊர்களின் தூசிக்கும் வெயிலுக்கும் தாங்கும்படி செய்தார்கள். அது ஓப்பன் சோர்ஸ் அல்ல, அரசு நிறுவனம். ஆனால் சிக்னலிங் மென்பொருள் எழுதுவது நம்மால் ஆகாத காரியம் என்ற பேச்சுக்கு அப்போதே பதில் கிடைத்துவிட்டது.

"எஸ்எஸ்7 செத்துப்போன விஷயம் சார், பையன்கள் 5ஜி கேட்கிறார்கள்" என்று ஒரு பேராசிரியர் என்னிடம் சொன்னார். நியாயமான கேள்வி. பதில் இரண்டு. ஒன்று, அது இன்னும் சாகவில்லை. 2ஜி ஓடும் இடங்களில் எல்லாம் எஸ்எம்எஸ்ஸும் ரோமிங்கும் அதன் மேல்தான் நடக்கின்றன. அந்த ஏற்பாட்டில், செய்தி அனுப்புகிறவர் உண்மையில் யார் என்று சரிபார்க்க வழியே வைக்கவில்லை. உள்ளே வருகிறவர்கள் எல்லாம் அரசாங்க டெலிபோன் துறைக்காரர்கள்தானே என்ற நம்பிக்கையில் செய்தது. 2014 டிசம்பரில் ஹாம்பர்க் மாநாட்டில் டோபியாஸ் எங்கெலும் கார்ஸ்டன் நோலும் இதை வைத்து ஒருவரின் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கலாம், அழைப்பைத் திருப்பலாம் என்று காட்டினார்கள். 2017-ல் ஜெர்மனியில் இதே வழியில் வங்கிக் குறுஞ்செய்திகளைத் திருப்பிவிட்டுக் கணக்குகளில் பணம் எடுத்தார்கள். ஓடிபி வைத்துப் பணம் அனுப்பும் ஊரில், இதைப் புரிந்த பத்துப் பிள்ளைகளாவது இருப்பது நல்லதுதானே.

இரண்டாவது பதில், 5ஜி கேட்டால் 5ஜியே செய்யட்டும். ஃப்ரீ5ஜிசியும் ஓப்பன்5ஜிஎஸ்ஸும் கதவைத் திறந்துதான் வைத்திருக்கின்றன. 4ஜி-யில் பேசும் வோல்ட்டி அழைப்பு எஸ்ஐபி-யில் போகிறது, கமாய்லியோவில் அதற்கான பகுதிகள் உண்டு. செய்தியின் உடை மாறும். ஒருவர் அனுப்பினார், மற்றவர் பதில் தரவில்லை, இப்போது என்ன செய்வது என்ற கேள்வி எந்தத் தலைமுறையிலும் மாறவில்லை. பழையதில் ஒரு வசதி, ஐந்து செய்திகளில் அது முழுசாகக் கண்ணுக்குத் தெரியும். அதனால் நான் பழையதிலிருந்தே தொடங்கச் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், பிறகு பிரச்சினை வரக் கூடாது. ரேடியோவைத் தொட வேண்டாம். உரிமம் இல்லாமல் மொபைல் அலைவரிசையில் எதையும் அனுப்புவது குற்றம், ஆர்வக் கோளாறு என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள். மெக்சிகோவில் வாஹாக்கா மலைகளில், காப்பி விளையும் தலேயா தே காஸ்ட்ரோ என்ற ஊர், நிறுவனங்கள் வராததால் 2013-ல் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை வைத்துத் தனக்கென்று ஒரு மொபைல் வலைப்பின்னலை நடத்தியது. 2016-ல் அந்த நாட்டு ஆணையம் பழங்குடிச் சமூக வலைப்பின்னல்களுக்கு என்று தனி உரிமமே கொடுத்தது. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடும் சேர்வராயன் மலைக்காரர்களுக்கு இதைக் கேட்டால் ஆசை வரும், எனக்கும் வந்தது. நம் சட்டம் வேறு, அவ்வளவுதான். ஆனால் கோபுரத்து அடிப்படை நிலையத்தையும் போனையும் மென்பொருளாகவே ஓடவிட்டு, காற்றில் ஒரு அலைகூட விடாமல் முழுச் சிக்னலிங்கையும் பழகும் வசதி ஆஸ்மோகாமிலேயே இருக்கிறது. லேபில் அது போதும். ஓடிக்கொண்டிருக்கும் நிஜ வலைப்பின்னலின் செய்திகளைப் பிடித்துப் பார்க்கும் வேலையும் வேண்டவே வேண்டாம்.

சரி, உங்கள் பக்கம் மாற வேண்டியவை. தலைப்பு புதிதாக இருக்க வேண்டும் என்ற விதியை இந்த ஒரு டீமுக்குத் தளர்த்துங்கள். போன வருட டீம் விட்ட இடத்திலிருந்து இந்த வருட டீம் தொடர்வதைக் காப்பி என்று பார்க்காதீர்கள். சிக்னலிங் மென்பொருள் எல்லாமே அப்படித்தான் வளர்ந்தது. அனுப்பிய பேட்ச் உள்ளே ஏற்றுக்கொள்ளப்பட்டால்தான் மதிப்பெண் என்றும் வைக்காதீர்கள். ஏற்பதும் மறுப்பதும் முன்பின் தெரியாத ஒருவரின் ஓய்வு நேரத்தைப் பொறுத்தது, அதை மாணவரின் தலையில் கட்டக் கூடாது. பிழையைத் திரும்ப வரவைக்கும் ஒரு நல்ல சோதனை, பாக்கெட் பதிவோடு தெளிவாக எழுதிய ஒரு பிழை அறிக்கை, மறுபரிசீலனையில் நடந்த உரையாடல், இவற்றைப் பாருங்கள். எல்லாம் வெளிப்படையாக இருக்கும், யார் எதை எப்போது எழுதினார்கள் என்று தேதியோடு தெரியும். ரிப்போர்ட்டைவிட இதில் ஏமாற்றுவது கஷ்டம்.

காப்புரிமைப் படிவம் ஒன்று உண்டு. ப்ராஜெக்ட்டில் உருவானது எல்லாம் கல்லூரிக்குச் சொந்தம் என்று மாணவரிடம் கையெழுத்து வாங்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அப்படி எழுதிக் கொடுத்த மாணவர் ஜிபிஎல், ஏஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் உள்ள நிரலுக்குப் பேட்ச் அனுப்புவது சிக்கல். இந்த டீமுக்கு அந்தத் தாளை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஓப்பன் சோர்ஸில் பங்களித்தால் சான்றிதழ், டி-ஷர்ட் என்று யாராவது அறிவித்தால், அடுத்த வாரமே எழுத்துப் பிழை திருத்துகிறேன் என்று ஒரு கமாவை இங்கிருந்து அங்கே நகர்த்திய பேட்ச்சுகள் குவிகின்றன. 2020 அக்டோபரில் உலகம் முழுதும் அது நடந்தது, நம் நாட்டு மாணவர்களின் பெயர் அதில் நிறையவே அடிபட்டது. அதைத் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டுச் சலித்துப்போன ஒரு பராமரிப்பாளர், அடுத்து வரும் உண்மையான பேட்ச்சையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார். அதனால்தான் அறுபது பேரை அனுப்பாதீர்கள், நாலு பேரை அனுப்புங்கள் என்கிறேன். கல்லூரியின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீட்டில் எழுதிக்கொள்ளலாமே என்று எண்ணிக்கைக்காக ஆள் சேர்ப்பதாக இருந்தால் வேண்டாம், நாங்கள் ஆட்டோவிலேயே இருந்துகொள்கிறோம்.

வேலைக்கு உதவுமா என்று பெற்றோர் கேட்பார்கள். உறுதி எல்லாம் நான் தர மாட்டேன். நேர்முகத்தில் உட்காரும்போது காட்டுவதற்கு, தன் பெயரில், தன் கையால் எழுதிய, வெளியாள் ஒருவர் படித்து ஒப்புக்கொண்ட நிரல் இருக்கும். பெங்களூரில் டெலிகாம் மென்பொருள் எடுக்கிறவர்களுக்கு அதன் எடை தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாமலும் போகலாம்.

அப்புறம் உங்கள் ஸ்டோர் ரூம். பிஆர்ஐ லைன் இருந்த காலத்து இபிஏபிஎக்ஸ் என்ற அலுவலக எக்ஸ்சேஞ்ச், ஈ1 கார்டு, ஐஎஸ்டிஎன் போன், எப்போதோ ஸ்விட்சிங் லேபுக்கு வாங்கிய டிரெயினர் கிட், இதெல்லாம் ஸ்கிராப்புக்குப் போகக் காத்திருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒரு ஈ1 இணைப்பில் 32 நேரத் துண்டுகள், வழக்கமாகப் பதினாறாவதில் சிக்னலிங். அதை யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரில் செருக ஐஸ்-ஈ1-யூஎஸ்பி என்ற திறந்த வன்பொருள் கருவி வந்திருக்கிறது. ஆக்டாய் என்ற பெயரில், வீட்டில் பழைய எக்ஸ்சேஞ்ச் கருவி வைத்திருக்கிறவர்கள் இணையத்தின் மேலேயே ஒருவருக்கொருவர் ஈ1 இழுத்துப் பேசிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் ஐரோப்பாக்காரர்கள். உங்கள் ஸ்டோர் ரூமில் தூங்கும் பெட்டி அவர்களோடு பேச முடியும். மென்பொருளுக்கும் அது அவசியம்: தரநிலையை ஒவ்வொரு உற்பத்தியாளரும் தன் வசதிக்குப் படித்திருப்பார், அந்த வித்தியாசங்கள் பழைய இரும்பில் மட்டுமே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன.

எங்களால் ஆவது: சனிக்கிழமைகளில் வருகிறோம். ஒரு லேப், இன்டர்நெட், லினக்ஸ் போட அனுமதி, இது மூன்றும் இருந்தால் போதும். எஸ்சிடிபி பாக்கெட்டைக் கல்லூரி ஃபயர்வால் அடித்துப் போடும், அதனால் நெட்வொர்க் பார்க்கிறவரும் அன்றைக்கு இருந்தால் நல்லது. பேராசிரியர் ஒருவராவது மாணவர்களோடு உட்கார்ந்து தானும் ஒரு பேட்ச் அனுப்ப வேண்டும் என்பது எங்கள் ஒரே நிபந்தனை. அப்போதுதான் இந்த டீம் பட்டம் வாங்கிப் போன பிறகும் அடுத்த டீமுக்குச் சொல்ல அங்கே ஆள் இருக்கும். தலைப்புகளை இறுதி செய்யும் கூட்டத்துக்கு முன்னால் கூப்பிட்டால், அந்தந்தத் திட்டங்களின் பிழைப் பட்டியலிலிருந்து மாணவர் கைக்கு அடங்குகிற நாலைந்தைப் பொறுக்கிக்கொண்டு வருகிறோம்.

பணம் வேண்டாம். தொடக்க விழா, குத்துவிளக்கு, சால்வை எதுவும் வேண்டாம், அதில் ஒரு காலைப் பொழுது போய்விடும். மதியச் சாப்பாடு ஹாஸ்டல் மெஸ்ஸிலேயே பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து ஒரு சிக்னலிங் தன்னார்வலர்